நாம் படைத்த சாத்திரியார்

66 வயதிலே புதியதொரு வித்தையைக் கற்கப் புகுவோரைக் கண்டால் ஊரார் நகைப்பது வழக்கம். எம்மைக் கண்டும் நகைத்தார்கள். ஓய்வு பெற்ற பின்னர் விறாந்தையில் இருந்து பத்திரிகை வாசிப்பதும், பின்னேரத்திலே கோயில் வீதிவரை உலாவி வருவதுமாகக் காலங்கழித்துவந்த நாம், சென்ற ஆண்டின் கடைக்கூற்றிலே கணினிக்குச் செய்நிரல் எழுதப் பழகத் தொடங்கினோம். எமக்கு ஆசிரியராய் வாய்த்தவள் எமது பேர்த்தி. வயது 17. உயர்தர வகுப்பிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாகப் பயில்கிறாள். அப்பாடத்திலே 'பைதன்' என்னும் கணினிமொழியைக் கற்பிக்கிறார்கள். மலைப்பாம்பின் பெயராகத் தோன்றினும், அம்மொழியை ஆக்கிய ஒல்லாந்தரான கைடோ வான் றொசம், பிரித்தானிய நகைச்சுவைக் குழுவொன்றின் பெயரிலிருந்தே அதனை எடுத்தாராம். முதன்முதல் வெளிவந்தது 1991 இல்.

முதற் பாடம், பெயரைக் கேட்டு வணக்கங் கூறும் நிரல். இரண்டாவது, வட்டிக் கணக்கு. இவ்விரண்டும் எமக்குச் சுவைக்கவில்லை. மூன்றாவதாக அவள் தந்த பயிற்சியே எம்மை நிமிர்ந்து உட்காரச் செய்தது. கேள்வியொன்றைக் கேட்டால், முன்னரே எழுதிவைத்த விடைகளுள் ஒன்றை எடுத்துத் தருகின்ற 'குறி சொல்லும் நிரல்' அது. செய்நிரல் பயிலத் தொடங்குவோருக்குப் பல நாடுகளிலும் இதனையே கொடுக்கிறார்களாம். காரணம் எளிது. கேள்வியை வாங்கவேண்டும், விடைகளை அட்டவணையாக வைத்திருக்கவேண்டும், அவற்றுள் ஒன்றைக் குருட்டாம்போக்கிலே தெரிவுசெய்யவேண்டும், அதனைத் திரையிலே காட்டவேண்டும். பத்துப் பன்னிரண்டு வரிகளிலே காரியம் முடிந்துவிடும்.

இப்பயிற்சிக்கு மூலம் ஓர் அமெரிக்க விளையாட்டுப் பொருள். சின்சினாட்டி நகரிலே அல்பேட் காட்டர் என்றொருவர் இருந்தார். அவருடைய தாயார் ஆவிகளோடு பேசிக் குறி சொல்பவர். மூடிய பெட்டிக்குள் கற்பலகையை வைத்தால் ஆவிகள் அதிலே விடை எழுதும் என்று வந்தவர்களுக்குக் காட்டுவாராம். மகனோ, ஆவிகளின் இடத்திலே திரவத்தில் மிதக்கும் கட்டையொன்றை வைத்தார். 1944 இல் அதற்கு ஆக்கவுரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1948 இல் அவ்வுரிமை வழங்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. கூட்டாளியான ஏப் புக்மன் தொழிலைத் தொடர்ந்து நடத்தினார். 1950 இல் சிக்காகோவிலே பில்லியட் மேசைகள் செய்யும் நிறுவனமொன்று தன் விளம்பரத்துக்காகக் கேட்டுக்கொள்ள, அது 8 என்ற இலக்கமிட்ட கரிய பந்தின் உருவத்தை எடுத்தது. உள்ளே நீலத் திரவம், அதில் 20 முகங்கொண்ட கட்டை, முகத்துக்கொரு விடை. பந்தைத் திருப்பிப் பிடித்தால், அடியிலுள்ள சிறு கண்ணாடியிலே ஒரு முகம் வந்து ஒட்டிக்கொள்ளும். 20 விடைகளுள் 10 சாதகமானவை, 5 பாதகமானவை, மிகுதி 5 'பிறகு கேள்' என்று நழுவுபவை. வாங்கியவர் மனங்கோணாமல் வீடு திரும்பவேண்டும் என்பதில் வியாபாரிக்கு எத்துணை அக்கறை பாருங்கள்!

எம்மவர்க்கும் இது புதிதன்று. பழைய பஞ்சாங்கங்கள் சிலவற்றிலே ஆரூடச் சக்கரம் என்று கட்டங்கள் அச்சிட்டிருக்கும். கண்ணை மூடி விரல் வைத்து, விரல் பட்ட கட்டத்தின் எண்ணுக்குரிய பலனை வாசிப்பார்கள். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சுவாமிக்கு முன்னே வைத்து, விபரமறியாத பிள்ளையைக் கொண்டு ஒன்றை எடுப்பிப்பதை நேயர்களும் கண்டிருப்பீர்கள். கூட்டுக்குள்ளிருந்து வந்து ஏடு எடுக்கும் கிளியைப்பற்றிச் சொல்லவேண்டியதில்லை. எழுதப்பட்ட சில விடைகள். அவற்றுள் ஒன்றை எடுப்பதற்கு எழுத்தறியாத ஒரு கை. பேர்த்தி தந்த பயிற்சியிலும் இதற்கு மேல் ஒன்றுமில்லை.

விடைகளை எழுதும்போதுதான் எமக்கும் அவளுக்கும் முதற் பிணக்கு ஏற்பட்டது. 'ஆம்', 'இல்லை', 'தெரியாது' என்று எழுதினாற் போதும் என்றாள் அவள். எந்தச் சாத்திரியார் அப்படிப் பேசுவார் என்று நாம் கேட்டோம். சாத்திரியாருடைய வாக்கு எவர் தலைக்கும் பொருந்தும் தொப்பியாக இருத்தல்வேண்டும். 1948 இல் பேர்ட்ரம் போரர் என்னும் அமெரிக்க உளவியலாசிரியர், தம் மாணவர் 39 பேருக்கும் அவரவர் குணநலன் என்று சொல்லி ஒரே குறிப்பையே கொடுத்தார். அது தமக்கு எவ்வளவு பொருந்துகிறதென்று 5 புள்ளிக்கு மதிப்பிடச் சொன்னபோது அவர்கள் இட்ட புள்ளி சராசரி 4.26. அக்குறிப்பின் வாக்கியங்களை அவர் பெரும்பாலும் கடையில் விற்ற சோதிடப் புத்தகமொன்றிலிருந்தே எடுத்திருந்தார். இந்தக் கதையைச் சொல்லிப் பேர்த்தியை இணங்கவைத்தோம்.

பின்னர் விறாந்தையிலே சாய்மனைக் கதிரையில் இருந்தபடி நாம் சொல்லச் சொல்ல அவள் தட்டெழுதினாள். 'எண்ணியது இனிதே முடியும்.' 'தடைகள் விலகும்.' 'வழி பிறக்கும்.' 'பெரியோரைக் கேட்டுச் செய்க.' 'காலம் கனியவில்லை, பொறுத்திருக்க.' 'இக்காரியம் வேண்டாம்.' இவ்வாறாக 20. அமெரிக்கப் பந்தின் பங்கீட்டையே நாமும் கைக்கொண்டோம். அன்று இரவு எமக்கு இருந்த பெருமிதத்தைச் சொல்ல நாணமாக இருக்கிறது. ஆயுளிலே நாம் எழுதிய எதனையும் இத்தனை ஆவலோடு எவரும் வாசித்ததில்லை அன்றோ!

நிரல் ஓடியது, ஆனால் சில வேளைகளிலே விடை தராமல் நடுவழியில் நின்று, செந்நிற எழுத்திலே ஆங்கிலத்தில் முறையிட்டது. எப்பொழுது நிற்குமென்று சொல்லமுடியவில்லை. பதினைந்து தடவை ஒழுங்காக ஓடும், பதினாறாவதில் விழும். எவ்வளவோ பார்த்தும் நோய் பிடிபடவில்லை. அப்பொழுது பேர்த்தி ஓர் உபாயம் செய்தாள். நிரலின் தலைப்பகுதியிலே ஒரு வரியைச் சேர்த்தாள். அவ்வரி இருந்தால், ஒவ்வொரு முறை நிரலைத் தொடங்கும்போதும் தெரிவுகள் அதே வரிசையிலே வரும். ஆகவே பிழையும் குறித்த இடத்திலேயே வந்து அகப்படும் என்றாள். அவ்வாறே அகப்பட்டது. நாம் 1 முதல் 20 வரை ஓர் எண்ணைத் தெரியும்படி எழுதியிருந்தோம். கணினியோ தன் அட்டவணையை 0 இலிருந்து எண்ணுகிறது. கடைசி விடையின் எண் 19. ஆகையால் 20 வந்தபோதெல்லாம் இல்லாத விடையைத் தேடி விழுந்தது. முதலில் எழுதிய 'எண்ணியது இனிதே முடியும்' என்பதோ ஒருபோதும் வெளிவரவேயில்லை. 0 முதல் 19 வரை என்று திருத்தினோம். பிழை நீங்கியது. சந்தோஷத்திலே தேநீர் குடிக்க எழுந்துவிட்டோம்.

எமக்கு அயல்வீட்டிலே மூதாட்டியார் ஒருவர் இருக்கிறார். ஊருக்கெல்லாம் 'ஆச்சி', எமக்கு மட்டும் 'அக்கா'. தேவாரங்களை ஏடு பாராமல் எழுத்துப் பிசகாது ஓதக்கூடியவர். இரண்டு கண்ணிலும் புரை படர்ந்து, வலக்கண் முற்றாக மங்கிவிட்டது. பல மாதங் காத்திருந்தபின் அரசினர் வைத்தியசாலையிலே சத்திரசிகிச்சைக்குத் திகதி கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலையிலே எமது முற்றத்து நந்தியாவட்டையில் பூக்கொய்ய வருவார். அவ்வாறு வந்த ஒரு வெள்ளியிலே, பெட்டி சாத்திரஞ் சொல்கிறதாம் என்று கேள்விப்பட்டு விறாந்தையிலே வந்து அமர்ந்தார்.

“தம்பி, உந்தக் கண்ணை வெட்டலாமோ எண்டு ஒருக்காற் கேட்டுப் பாரும்.”

கேட்டோம். அவருக்குத் திரை தெரியாதாகையால் விடையை நாமே வாசித்தோம். வெறுமனே வாசித்தோமா? குரலைத் தாழ்த்தி, சற்று நிறுத்தி, சாத்திரியாரைப்போலவே வாசித்தோம்: “காலம் கனியவில்லை, பொறுத்திருக்க.” அவர் தலையசைத்துவிட்டுப் போனார். இரண்டாவது முறை கேட்கச் சொல்லவில்லை. சுவாமிக்கு முன்னே பூவை ஒருதரந்தான் எடுப்பது. மறுபடி எடுத்தால் சோதித்தது ஆகிவிடும் என்பது அவர் கொள்கை. அடுத்த வெள்ளியும் வந்தார், அதே கேள்வி, அதே விடை. அதற்கடுத்த வெள்ளியும் அவ்வாறே. மூன்றாம் முறை எமக்கே ஓர் அச்சந் தட்டியது என்பதை ஒளிப்பானேன்? இரவிலே பேர்த்தி தன் படிப்பை முடித்துக் கணினியை அணைத்துவிடுவாள். காலையில் நாம் புதிதாய்த் தொடங்கி, ஆச்சியின் கேள்வியையே முதற் கேள்வியாய் இடுவோம். மாலையில் வந்து விளையாடும் அயற் சிறுவருக்கு விடைகள் மாறி மாறியே வந்தன. ஆகையால் எமக்கு ஐயம் எழவில்லை.

பத்து நாள் கழித்து ஆச்சியின் மகள் வேலியருகே நின்று சொன்ன செய்தி எம்மைத் திடுக்கிடச் செய்தது. செவ்வாய்க்கிழமை சத்திரசிகிச்சைத் திகதியாம். ஆச்சி போக மறுத்துவிட்டாராம். போனவாரம் கிணற்றடிப் படி தெரியாமல் இடறி விழுந்தும், மகளும் மருமகனும் எவ்வளவு கெஞ்சியும், “காலம் கனியேல்லை” என்பதையே சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அந்த வாக்கியத்தை எங்கே பெற்றாரென்று மகளுக்குத் தெரியாது. எமக்குத் தெரியும்.

பேர்த்தி பாடசாலையால் வந்ததும் நடந்ததைச் சொன்னோம். அவள் ஒன்றும் பேசாமல் கணினியைத் திறந்து நிரலைப் பார்த்தாள். மூன்றாம் வரியிலே விரலை வைத்தாள். “அப்பப்பா, இதை நாங்கள் அழிக்கேல்லை.”

நோயைக் கண்டுபிடிக்கச் சேர்த்த வரி அங்கேயே இருந்தது.

கணினிக்குக் குருட்டாம்போக்கு என்பது இயல்பாய் வருவதன்று. இட்ட கட்டளைப்படி கணக்கிடுவதே அதன் வேலை. ஆகவே தற்செயல் போலத் தோன்றும் எண்களையும் கணக்கிட்டே உண்டாக்குகிறது. 1949 இல் அமெரிக்கக் கணித அறிஞர் டி. எச். லேமர் முன்வைத்த முறையை நேயர்கள் பென்சிலாலேயே செய்து பார்க்கலாம். ஓர் எண்ணை எடுத்து 7 ஆல் பெருக்குக. வருவதை 11 ஆல் வகுத்து மீதியை எழுதுக. அம்மீதியை மறுபடியும் 7 ஆல் பெருக்கி, அவ்வாறே தொடர்க. 3 இலிருந்து தொடங்கினால் 10, 4, 6, 9, 8, 1, 7, 5, 2, 3 என்று வரும். பார்த்தால் ஒழுங்கற்ற வரிசை. ஆயினும் நாளைக்கு 3 இலிருந்து தொடங்கினாலும் முதலில் 10 தான். மறுநாளும் 10 தான். தொடங்கும் எண்ணுக்கு 'வித்து' என்று பெயர். பைதன் கையாளும் முறை இதைவிட மிகப் பெரியது. மட்சுமோட்டோ, நிஷிமுரா என்னும் ஜப்பானிய அறிஞர் இருவர் 1998 இல் வெளியிட்டது. அது தொடங்கிய இடத்துக்கு மறுபடி வந்துசேருமுன் கடக்கவேண்டிய அடிகளின் தொகையை எழுதவே 6002 இலக்கங்கள் வேண்டும். ஆனாலும் வித்து ஒன்றானால் விளைவும் ஒன்றே. வித்து இன்னதென்று நாம் சொல்லாவிட்டால், இயந்திரத்துக்குள்ளே ஒழுங்கின்றி நிகழும் சிறு நிகழ்வுகளிலிருந்து ஒவ்வொரு முறையும் புதிதாய் எடுத்துக்கொள்ளும். நாமோ சொல்லிவைத்திருந்தோம். நிரலைத் தொடங்கியதும் கேட்கப்படும் முதற் கேள்வி எதுவாயினும் 'காலம் கனியவில்லை' என்பதே விடை.

ஆச்சி அறியாமையால் ஏமாந்தார் என்று எவரும் சொல்லவேண்டாம். கணக்கு அவர் பக்கமே இருந்தது. 20 விடைகள் உண்மையாகவே தற்செயலாய் வருமானால், 6 கேள்வி கேட்பதற்குள் ஏதாவதொரு விடை இருமுறை வருதற்கு நூற்றுக்கு 56 வாய்ப்பு உண்டு, அதிலே அதிசயமில்லை. ஆனால் தொடர்ந்து மூன்று முறையும் ஒன்றே வருதல் 400 இல் ஒன்று. இது தற்செயலன்று, ஏதோவொரு காரணம் இருக்கிறது என்று அவர் நினைத்தது முற்றிலும் சரி. அந்தக் காரணம் எமது மறதி என்பதைத்தான் அவர் அறியார்.

அன்று பின்னேரமே கணினியையும் தூக்கிக்கொண்டு இருவரும் அயல்வீட்டுக்குப் போனோம். வித்து, மீதி என்றெல்லாம் விளக்கப் புகுந்த எம்மைப் பேர்த்தி கண்சாடையால் அடக்கினாள். நிரலைத் தொடங்கினாள். “ஆச்சி, இண்டைக்குச் சோறு சமைக்கலாமோ எண்டு கேட்கிறன்.” வந்த விடையைத் தன் இயல்பான குரலிலே வாசித்தாள்: காலம் கனியவில்லை, பொறுத்திருக்க. நிரலை நிறுத்தி மறுபடி தொடங்கினாள். “நான் சோதனைக்குப் படிக்கலாமோ?” காலம் கனியவில்லை. மூன்றாவதாக ஆச்சியே கேட்டார்: “வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகலாமோ?”

காலம் கனியவில்லை, பொறுத்திருக்க.

ஆச்சி சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, “கோயிலுக்குப் போகாதை எண்டு சொல்லுற பெட்டியோ இது!” என்றார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தோம், சிரிக்கவில்லை. “உந்தச் சொல்லை எழுதினது ஆர்?”

“நான்தான் அக்கா.”

எம் முகம் இருந்த திசையை நோக்கியபடியே இருந்தார். வைத்தியர் பிழையென்று சொல்லியிருந்தால் இவ்வளவு கூசியிருக்கமாட்டோம். கடைசியில் அவரே சொன்னார்: “வெட்டச் சொல்லி வந்திருந்தாலும் நான் வேறை எங்கையாவது கேட்டிருப்பன், தம்பி. கண்ணிலை கத்தி வைக்கிறதெண்டால் பயமாய்க் கிடக்கு. மூண்டு வெள்ளியும் ஒரே சொல்லு வர, அதைப் பிடிச்சுக்கொண்டன்.”

அந்தப் பயத்தை அதுவரை அவரிடம் எவரும் கேட்டதில்லை, நாமுந்தான். மூன்று வெள்ளியும் பக்கத்திலே அமர்ந்திருந்தும், பெட்டி என்ன சொல்லும் என்பதிலேயே எமது கவனம் இருந்தது. அன்று கேட்டோம். கண் விழியையே வெளியே எடுப்பார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். மங்கிய வில்லையை நீக்கி அவ்விடத்திலே செயற்கை வில்லையொன்றை வைப்பதே சிகிச்சை என்பதை எடுத்துரைத்தோம். லண்டனிலே ஹரல்ட் றிட்லி என்னும் வைத்தியர் அத்தகைய வில்லையை முதன்முதல் பொருத்தியதும் 1949 இல் தான். லேமருடைய கணக்கும் அவ்வாண்டினதே என்பது நினைவுக்கு வந்தது. அதனை ஆச்சிக்குச் சொல்லவில்லை. பேர்த்தி, அவருடைய மகளோடு வைத்தியசாலைக்குப் போய் மறுதிகதி கேட்டுவர ஒப்புக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து மூன்றாம் வரியை அழித்தோம். அழித்தபின்னும் எமக்கு நிம்மதியில்லை. வித்தில்லாத நிரலும் 20 இல் ஒரு முறை அதே வாக்கைச் சொல்லத்தானே போகிறது! தலைப்பிலே 'இது விளையாட்டு' என்று எழுதிவிடலாம் என்றாள் பேர்த்தி. எழுத்தைப் பார்க்கமுடியாதவருக்கு வாசித்துக்காட்டிய குரல் எம்முடையதன்றோ என்றோம் நாம். நெடுநேரம் வாதித்து ஒரு முடிவுக்கு வந்தோம். இப்பொழுது எவர் கேள்வி கேட்டாலும், முதலில் 20 விடைகளும் வரிசையாகத் திரையிலே தோன்றும். பின்னரே ஒன்றின்மேல் அடையாளம் விழும். பையிலே என்னென்ன இருக்கின்றன என்பதைக் கண்டபின்பே கை விடலாம். அயற் சிறுவருக்கு இது பிடிக்கவில்லை. சாத்திரியாருடைய மவுசு போய்விட்டது என்கிறார்கள். எமக்கும் உள்ளூரச் சற்று வருத்தமே.

மறுதிகதி கிடைக்க மூன்று மாதங்களுக்கு மேலாயிற்று. அந்த இடைக்காலத்திலே ஆச்சி பூக்கொய்ய வந்தபோதெல்லாம் நாமும் உடன் நின்று கிளையை வளைத்துக் கொடுத்தோம். வலக்கண்ணின் சிகிச்சை நல்லபடி நிறைவேறியது. கட்டவிழ்த்துச் சில வாரஞ் சென்றபின் ஒரு வெள்ளிக்கிழமை, பூத்தட்டோடு விறாந்தைக்கு வந்து, “எங்கை தம்பி உம்முடைய சாத்திரியார்?” என்றார்.

கேள்வி கேட்கப் போகிறாராக்கும் என்றெண்ணி நிரலைத் தொடங்கினோம். அவர் கேட்கவில்லை. திரையிலே தோன்றிய 20 வரிகளையும் மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக, எவருடைய உதவியுமின்றி, வாய்விட்டு வாசித்துக்கொண்டு வந்தார். பதினான்காம் வரியில் நின்றார். மறுபடி பார்த்தார்.

“தம்பி, 'வலி பிறக்கும்' எண்டெல்லோ எழுதிக் கிடக்கு?”

குனிந்து பார்த்தோம். சாதகமான பத்தினுள் ஒன்றாக அது ஐந்து மாதமாய் அங்கே இருந்திருக்கிறது. நாமும் பேர்த்தியும் அத்தனை நாளும் அதனை 'வழி' என்றே வாசித்துவந்திருக்கிறோம்.